அப்பாவுக்கு ஒதுக்கிய மாமரம்

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் பெரியவர்களுக்கு ஆளுக்கொரு மாமரம் உண்டு. பழம் தின்பதற்கு அல்ல, எரிவதற்கு. வீட்டில் ஒருவர் இறந்தால் வீட்டைச் சுற்றியுள்ள சொந்த வளவின் தெற்குப் பக்கத்தில், அன்றைக்கே வெட்டிய பச்சை மாமரத்தை அடுக்கித் தகனம் செய்வார்கள். பச்சை விறகு லேசில் தீப்பிடிக்காது. அதற்காக அக்கம்பக்கத்திலிருந்து தேங்காய் உரித்த தொண்டும் சிரட்டையும் சாக்குச் சாக்காக வந்து சேரும். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகிற வழியில் ஒரு வளவுக்குள் மாமரம் வெட்டும் சத்தம் கேட்டால், பஸ்ஸில் இருப்பவர்கள் "யாரு?" என்றுதான் கேட்பார்கள். ஏன் வெட்டுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் அப்பா தன் மரத்தைத் தானே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். கோட்டுக்கோணம் ரகம். தோல் பச்சையாகவே இருக்கும், உள்ளே சிவந்து கிடக்கும், அப்படி ஓர் இனிப்பு. அப்பா ரயில் நிலையத்தில் ஆட்டோ ஓட்டியவர். வீட்டுக்கு யார் வந்தாலும் தெற்குப் பக்கம் கையைக் காட்டி, "அந்தா நிக்குது பாத்தியளா, எனக்க கடைசி வண்டி" என்பார். வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் டீயை ஊதிக் குடிப்பார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். ஒரு மரம் காற்றில் இருக்கும் கார்பனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து உடம்பாக்கிக்கொள்ள எத்தனை வருஷம் ஆகும் என்று வகுப்பில் தொண்டை வற்றப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், அதை ஒரு மத்தியானத்தில் புகையாக்கப் போவதைப் பற்றி அப்பா பெருமை பேசிக்கொண்டிருப்பார். "ஒங்களுக்கு வயசாச்சு, சரி. அந்த மரம் என்ன பாவம் செய்தது?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அது ஒரு பாவமும் செய்யல்ல மக்கா. அதனாலயாக்கும் அதுக்க கூடப் போறேன்" என்றார்.

பேச்சில் அவரை வெல்ல முடியாது. பிடிவாதத்தில் நான் அவருக்குச் சளைத்தவளும் அல்ல. அப்பாவைவிட மரம் பெரிது என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. இரண்டில் ஒன்று போகும்போது மற்றதாவது இருக்கட்டுமே என்றுதான் நினைத்தேன். அதை இன்றைக்கும் தப்பென்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் அந்த வறட்சி வந்தது. ஐப்பசியில் வரவேண்டிய துலாவர்ஷ மழை பெயருக்குத் தூறிவிட்டுப் போனது. நெய்யாற்றுக் கால்வாய்க்குள் ஆடு மேய்ந்தது. பூவாரில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் படகு ஓட்டுகிறவர்கள் ஆற்றில் உப்பு மேலே ஏறிவிட்டது என்றார்கள். எங்கள் கிணற்றில் வாளி போட்டால் சேறுதான் முதலில் வரும். பூக்க வேண்டிய மாதத்தில் அப்பாவின் மாமரம் பூக்கவில்லை. இலைகள் முதலில் தொங்கின, பிறகு மஞ்சளாயின, பிறகு கொட்டத் தொடங்கின. மாமரம் இலை கொட்டி மொட்டையாக நிற்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்க்க நன்றாக இல்லை.

ஆனால் எனக்கு அது என்ன செய்கிறது என்று தெரியும். இலையின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாய்கள் உண்டு. காற்றை உள்ளே எடுக்க வாயைத் திறந்தால் உள்ளேயிருக்கும் ஈரம் வெளியே போய்விடும். மண்ணில் தண்ணீர் இல்லாதபோது மரம் வாயைப் பொத்திக்கொள்கிறது. தாகத்துக்கு அது நல்லது, வயிற்றுக்குக் கெட்டது. கார்பன் உள்ளே வராமல் சாப்பாடு உண்டாகாது. சாப்பாடு உண்டாகாவிட்டாலும் மரம் இரவும் பகலும் மூச்சு விட்டாக வேண்டும், வேரை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அந்தச் செலவுக்கு, நல்ல காலத்தில் சேர்த்து வைத்த ஸ்டார்ச்சைக் கரைத்துச் சர்க்கரையாக்கி எடுத்துக்கொள்கிறது. மரச்சீனிக் கிழங்கில், அதாவது மரவள்ளியில் இருக்கிற அதே ஸ்டார்ச்தான். நிலைமை இன்னும் மோசமானால் இலைகளையே உதறிவிடுகிறது, குடிக்கிற வாய் குறையட்டும் என்று. மொட்டையாக நிற்கிற மரம் செத்த மரம் அல்ல. செலவைச் சுருக்கிய மரம்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொல்லிப் பயனில்லை. அப்பாவின் தம்பி, அடுத்த வளவில் இருப்பவர், எங்கள் வகையில் சடங்கு என்றால் அவர் வைத்ததுதான் சட்டம். ஒருநாள் காலையில் வந்து ஒரு கொம்பை ஒடித்துப் பார்த்தார். அது சடக்கென்று ஒடிந்தது. "மரம் பட்டாச்சு அண்ணா" என்றார், சாவுச் செய்தி சொல்கிற அதே குரலில்.

அப்பாவின் முகம் மாறியது. காரணம் உண்டு. தானாகப் பட்ட மரத்தை எங்கள் ஆட்கள் சிதைக்கு எடுப்பதில்லை. பிணத்துக்குப் பிணம் துணை போகாது என்பார்கள். உயிரோடு நிற்கிற மரம்தான் கூடப் போக வேண்டும்.

"எனக்க வண்டி எனக்கு முன்னால பிரேக்டவுண் ஆயிட்டே" என்று அப்பா சிரித்தார். அப்போது அவருக்கு நுரையீரல் நோய் முற்றியிருந்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும், சிரித்தாலும் வாங்கும். ஆனால் மறுநாளிலிருந்து நாற்காலியை ரோட்டைப் பார்த்துப் போடச் சொன்னார். தெற்குப் பக்கம் திரும்பவே இல்லை. சாப்பாட்டையும் பாதியில் தள்ளி வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. சித்தப்பா ஒரு கொம்பை ஒடித்து ஒரு மரத்துக்கு மரணச் சான்று கொடுப்பார், அதை எங்கள் அப்பா நம்புவார், நான் இத்தனை வருஷம் படித்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அந்தச் சனிக்கிழமை கல்லூரி ஆய்வகத்திலிருந்து மரத்தில் துளையிடும் கருவியைக் கொண்டுவந்தேன். திருகினால் பென்சில் கனத்துக்கு ஒரு துண்டு மரம் உள்ளிருந்து வரும், மரத்துக்குப் பெரிய கேடில்லை. மருந்துக் கடையில் அயோடின் வாங்கினேன். ஸ்டார்ச் இருக்கிற இடத்தில் அயோடின் பட்டால் கருநீலமாகும், இல்லாத இடத்தில் தன் பழுப்பு நிறத்திலேயே கிடக்கும். பள்ளிக்கூடத்தில் சோற்றில் ஊற்றிப் பார்த்த அதே சோதனைதான். அப்பாவை நாற்காலியோடு தூக்கிப்போய் மரத்தடியில் வைத்தோம். "எனக்கு ஒண்ணும் காணண்டாம்" என்று முனகினார், ஆனால் கண்ணாடியை மட்டும் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

முதலில் ஒரு கொம்பு நுனி. சொட்டு விட்டேன். பழுப்புத்தான். சித்தப்பா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொண்டையைச் செருமினார். அடுத்து நெஞ்சு உயரத்தில் எடுத்த துண்டு. அங்கங்கே திட்டுத் திட்டாக நீலம் ஏறியது. கடைசியில் மண்ணைத் தோண்டி விரல் கனத்தில் ஒரு வேரை நறுக்கினேன். சொட்டு விழுந்த இடம் அப்படியே கறுத்தது. நானே அவ்வளவை எதிர்பார்க்கவில்லை. அப்பா அந்தத் துண்டைக் கையில் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மேல ஒண்ணும் இல்ல. கீழ உண்டு" என்றார்.

"ஆமா."

"அப்பம் ரிசர்வ்ல ஓடுதுண்ணு சொல்லு."

நான் ஒரு மணி நேரம் பேசுகிற பாடத்தை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம். "அதேதான் அப்பா. பட்டுப்போகல்ல. மேலே உள்ளதை விட்டுட்டு வேரைக் காப்பாத்திட்டு நிக்குது. மழை வந்தா தளிர்க்கும்" என்றேன். வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அப்பா மரத்தை அடியிலிருந்து நுனி வரை பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு முகம் மலர்ந்தது. "அப்பம் உயிரோட உண்டு. அப்பம் எனக்கு எடுக்கலாம்" என்றார்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். சித்தப்பா அந்த மரத்தைச் செத்த கணக்கில் எழுதி, தெரியாமலே காப்பாற்றியிருந்தார். நான் அதற்கு உயிர் இருக்கிறது என்று நிரூபித்து, கோடாலிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். அப்பா அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். அதைப் பார்த்து வருத்தப்படவும் முடியவில்லை.

"இது எவ்வளவு நாளைக்குத் தாங்கும்?" என்று பிறகு கேட்டார்.

"தெரியாது அப்பா. மழையைப் பொறுத்து இருக்கு."

"தெரியாதுண்ணுதான் எனக்கும் சொல்லியிருக்கு. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டராக்கும்" என்றார்.

மழைக்கு முன்னால் அப்பா போய்விட்டார். ஆஸ்பத்திரியில், விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டு. வளைகுடாவில் வேலை செய்யும் என் தம்பி அதற்குச் சில நாள் முன்பே லீவு போட்டு வந்திருந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியதும் அவன் சித்தப்பாவோடு தெற்குப் பக்கம் போனான். நானும் பின்னால் போனேன். வெட்டுக்காரர் கோடாலியும் கயிறுமாக வந்து நின்றார்.

சித்தப்பா மொட்டை மரத்தை அண்ணாந்து பார்த்தார். சோதனையை அவர் பார்த்திருந்தார், ஆனால் நம்பவில்லை. இலை இல்லாத மரம் அவருக்குச் செத்த மரம்தான். "இது ஆகாது மக்கா. பெருங்கடவிளைப் பக்கம் ஒருத்தன்கிட்ட பச்சை மாமரம் உண்டு, கேட்டுப் பாக்கட்டா?" என்றார். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கெல்லாம் நேரம் இல்ல சித்தப்பா. கேஸ்ல எரிக்கிற வண்டி வீட்டுக்கே வரும். நான் கூப்பிடுதேன்" என்று போனை எடுத்தான். வெட்டுக்காரர் கயிற்றைச் சுற்றத் தொடங்கினார்.

நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா இருந்தால் போதும். வண்டி வரும், அப்பா போவார், மரம் நிற்கும். இத்தனை வருஷம் நான் வாதாடியது எல்லாம் எனக்குத் தானாகவே கிடைக்கப்போகிறது. மரத்தைப் பற்றிய உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் உள்ளே வாழையிலையில் கிடக்கிறார்.

என்னால் முடியவில்லை. அப்பாவின் மனது குளிரட்டும் என்று நான் அந்தச் சோதனையைச் செய்து காட்டவில்லை. உண்மை என்று காட்டினேன். கேட்கிற காது இருந்தபோது உண்மை, காது போனபின் பொய் என்றால், நான் படித்த படிப்பு எதற்கு? அந்த மனிதர் என் பேச்சை நம்பித்தான் மறுபடி தெற்கைப் பார்த்து உட்கார்ந்தார்.

"போனை வை. மரத்துக்கு உயிர் உண்டு" என்றேன். "அப்பாவுக்குத் தெரியும். அதை எடுங்க."

சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் வெட்டுக்காரரின் கத்தியை வாங்கி அடிமரத்தில் பட்டையைச் செதுக்கினேன். உள்ளே பச்சை. விரலை வைத்தால் ஈரம். சித்தப்பாவின் விரலைப் பிடித்து அதில் வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு தலையசைத்தார்.

"ஆனா ஒரு காரியம்" என்றேன். "முட்டளவு உயரத்தில வெட்டணும். அதுக்குக் கீழ ஒரு சிராய்ப்புக்கூட விழப்பிடாது."

வெட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. அடிமரம்தான் கனம், நின்று எரிவதும் அதுதான், நெஞ்சுக்கு மேலே வைப்பதற்கு அதைவிட நல்ல தடி கிடையாது என்றார். தம்பியும் சலித்துக்கொண்டான். "பாதி மரத்தைக் கொடுக்குதது என்னத்துக்கு அக்கா? அடிக்குற்றியைத் தோண்டி எடுத்தா நாளைக்கு அந்த இடத்தில காரு நிப்பாட்டலாம்."

"லேய், மேல உள்ளது அப்பாவுக்கு. கீழ உள்ளது மரத்துக்கு. ரெண்டு பேருக்கும் நான் வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றேன். மரத்துக்கு எப்போது வாக்குக் கொடுத்தேன் என்று அவன் கேட்கவில்லை. நான் அடிமரத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டேன், வெட்டுக்காரர் முட்டளவுக்கு மேலேதான் கோடாலியை வைத்தார்.

மரம் விழுந்தது. வறட்சியில் நீர் வற்றியிருந்த விறகு வழக்கத்தைவிடச் சுலபமாகப் பிடித்துக்கொண்டது. தொண்டு பாதிக்கு மேல் மிச்சம். அப்பாவைச் சுற்றி அது எரிந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இத்தனை வருஷமாகக் காற்றிலிருந்து வாங்கிய கார்பனை மரம் மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கிறது என்று வகுப்பறைப் புத்தி சொல்லிக்கொண்டே இருந்தது. அதற்கு மேல் தாங்க முடியாமல் வாய்விட்டு அழுதேன். சித்தப்பா என் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

பதினாறு கழிந்தது. குற்றி குற்றியாகவே நின்றது. வெட்டுவாய் வெயிலில் வெடித்தது. நான் அதில் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசினேன். அதற்கு ஊற்ற தண்ணீர் இல்லை, எங்களுக்கே லாரித் தண்ணீர்தான். சித்தப்பா போகிற வருகிற போதெல்லாம், "டீச்சருக்க பிள்ள கண்ணு முழிச்சுதா?" என்பார். "முழிக்கும்" என்பேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் நான் என்று அவர் மற்றவர்களிடம் சொல்வதும் என் காதில் விழும். விழட்டும். எனக்குக் கணக்குத் தெளிவாக இருந்தது. மேலே தண்ணீர் கேட்டு இழுக்க இனிக் கிளைகள் இல்லை. அந்தப் பெரிய வேர்க்கூட்டம் உறிஞ்சுகிற கொஞ்சம் ஈரமே ஒரு சின்னத் தளிருக்குத் தாராளம். சாப்பாட்டுக்கு வேரில் ஸ்டார்ச் இருக்கிறது, என் கண்ணால் கறுத்ததைப் பார்த்தவள் நான். இருந்தும் ஒருநாள் விடியற்காலை, நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்க்கப் போய், பயந்து கையை எடுத்துக்கொண்டேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு காலை. தம்பிக்கு லீவு முடியப் போகிறது. தெற்குப் பக்கத்திலிருந்து "அக்கா! அக்கா!" என்று கத்தினான். பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடினேன். அவன் குற்றியின் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்திருந்தான். பட்டையைக் கிழித்துக்கொண்டு, மண்ணுக்குச் சற்று மேலே, மூன்று இடத்தில் தளிர். மாந்தளிருக்கே உரிய அந்தச் செம்பு நிறம், தொட்டால் ஒட்டிக்கொள்ளும்போல அவ்வளவு மென்மை. வானத்தில் பொட்டு மேகம் கிடையாது.

"மழையே பெய்யல்லியே. இது எதை வச்சு வந்தது?" என்றான்.

சொன்னேன். இந்த இலை இந்த வருஷக் காற்றால் ஆனது இல்லை. புதுக் காற்றைப் பிடிக்க இலையே கிடையாதே. வேரிலும் அடிமரத்திலும் சேர்த்து வைத்ததை எடுத்து மரம் இதைச் செய்திருக்கிறது. அந்தச் சேமிப்பில் போன வருஷத்தது உண்டு, அதற்கு எத்தனையோ முன்னால் பிடித்ததும் உண்டு. "அப்பா இந்த வளவில நின்னு விட்ட மூச்சும் அதில ஒரு துளி இருக்கும்" என்றேன். கணக்குப் போட்டால் அந்தத் துளி ஒன்றுமில்லை என்றே வரும். காற்று ஊரெல்லாம் சுற்றுகிறது. வகுப்பில் இப்படிப் பேச மாட்டேன். ஆனால் சொன்னது பொய் இல்லை.

தம்பி எழுந்துபோய்ப் பழைய கம்பிவலையைக் கொண்டுவந்து, ஆடு வாய்வைக்காதபடி குற்றியைச் சுற்றிக் கட்டினான். கட்டி முடிக்கும்வரை முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, "அப்பம் இது இனி யாருக்கு?" என்று கேட்டான். எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான்.

யாருக்கும் இல்லை, அது பாட்டுக்கு நிற்கட்டும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்த வார்த்தை வேறு.

"எனக்கு" என்றேன். "நான் மூத்தவ. நீ வேற ஒண்ணு நட்டுக்கோ."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கம்பிவலையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ அவசரப்படாதே அக்கா" என்றான். "அது முதல்ல காய்க்கட்டு."